டுப்ரோவ்னிக்-நெரெட்வா மாவட்டம்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

குரோஷியாவின் தெற்கு முனையில், ஏட்ரியாட்டிக் கடலோரமாக ஒல்லியாக நீண்டு கிடக்கும் மாவட்டம் இது. அங்கே ஓர் ஓட்டல் சமையலறையில் மூன்று சீசன் வேலை பார்த்தேன். லீவு கிடைத்த நாளெல்லாம் பஸ்ஸிலும் படகிலுமாகச் சுற்றினேன். டுப்ரோவ்னிக் கோட்டையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களைக் கண்டால் மனசு கேட்காது, அதனால்தான் இந்தக் கேள்வி பதில்.

கேள்வி: மேப்பில் மாவட்டம் இரண்டு துண்டாக இருக்கிறதே, நடுவில் போஸ்னியா எப்படி வந்தது?

அந்தத் துண்டு நெயூம், போஸ்னியாவுக்கு இருக்கும் ஒரே கடற்கரை. டுப்ரோவ்னிக் அன்று ரகுசா என்ற தனிக் குடியரசு. வெனிஸ்காரர்கள் தரைவழியாகத் தங்கள் மேல் பாய்ந்துவிடுவார்களோ என்ற பயத்தில், 1699 சமாதான உடன்படிக்கையின்போது ரகுசாக்காரர்கள் நடுவில் ஒரு கீற்று நிலத்தைத் துருக்கிய ஒட்டோமான்களிடம் விட்டுவிட்டார்கள். ரகுசாவும் போய், வெனிஸும் போய், ஒட்டோமான்களும் போன பிறகும் எல்லைக்கோடு மட்டும் அப்படியே நிற்கிறது! 2022 ஜூலையில் பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்த பிறகுதான், 2.4 கிலோமீட்டர் கடலைத் தாண்டி, பாஸ்போர்ட்டை எடுக்காமலே மாவட்டத்தின் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குப் போக முடிகிறது.

கேள்வி: என்னிடம் இருப்பது ஒரே நுழைவுக்கான ஷெங்கன் விசா. டுப்ரோவ்னிக்கில் தங்கி மொஸ்டார், கோட்டோர் போய்வரலாமா அண்ணா?

வேண்டாம் தம்பி. மொஸ்டார் போஸ்னியாவில், கோட்டோர் மொண்டெனெக்ரோவில். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள், அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள், வந்துவிட்டது, அந்த இரண்டும் வெளியே. போய்விட்டால் அந்த விசாவில் திரும்ப உள்ளே வர முடியாது. குரோஷியாவின் ஸ்பிளிட் நகரிலிருந்து பஸ் பிடித்தாலும் பாலம் வழியா, போஸ்னியாவின் நெயூம் வழியா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: டுப்ரோவ்னிக்குக்கு ஒரு நாள் போதுமா?

மதிலுக்குள் இருக்கும் பழைய ஊருக்குப் போதும், ஆனால் காலையில் திறந்ததுமே மதில் ஏறிவிட வேண்டும். சுற்று 1,940 மீட்டர், நிழலே கிடையாது. மேலே நின்று ஓடுகளைக் கவனியுங்கள்: பளிச்சென்று ஆரஞ்சாக இருப்பவை பெரும்பாலும் யூகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த 1991-92 முற்றுகையில் குண்டு விழுந்த பிறகு மாற்றியவை, நடுவே அங்கங்கே வெளிறிப்போய்த் தெரிபவை தப்பிப் பிழைத்தவை. முதல் தடவை இதை எனக்குக் காட்டியவர் எங்கள் சமையலறையின் மூத்த அம்மா. அதற்கப்புறம் அந்த ஊரை வெறும் அழகாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

கேள்வி: ஒரே ஒரு தீவு என்றால் எது?

ஊர் பிடிக்கும் என்றால் கோர்ச்சுலா. பழைய ஊரின் தெருக்கள் மீன் முள் மாதிரி பிரியும். மேற்குப் பக்கத் தெருக்கள் கோடைக் காற்று உள்ளே வர நேராகவும், கிழக்குப் பக்கத் தெருக்கள் குளிர்காற்றைத் தடுக்கச் சற்று வளைந்தும் இருக்கும். மார்க்கோ போலோ பிறந்த வீடு என்று ஒன்றைக் காட்டுவார்கள், அதற்கு ஆதாரம் இல்லை. காடு பிடிக்கும் என்றால் ம்லேட்: 1960 முதல் தேசியப் பூங்கா, உள்ளே இரண்டு உப்புநீர் ஏரிகள், அதில் ஒன்றின் நடுவில் குட்டித் தீவு, தீவில் மடாலயம். விரியன் பாம்பை ஒழிக்க 1910-இல் நம் நாட்டுக் கீரியை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். பாம்பு குறைந்தது, பிறகு கோழிக்கும் பறவைக்கும் ஆபத்து வந்தது. சாலையோரம் ஒரு கீரி குறுக்கே ஓடியபோது, சொந்த ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

கேள்வி: கடல் உணவுக்கு எங்கே போவது?

யோசிக்காமல் ஸ்டோன் என்ற ஊருக்கு. மாலி ஸ்டோன் விரிகுடாவில் சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து நல்ல தண்ணீர் ஊறிக் கடலில் கலக்கிறது, சிப்பிக்கு அதுதான் தோது. கத்தியை மூட்டுப் பக்கம் நுழைத்து ஒரு திருகு, நாலு சொட்டு எலுமிச்சை, அவ்வளவுதான், சமைத்துக் கெடுக்காதீர்கள். மார்ச் மாதம் உச்சம். பக்கத்திலேயே பழைய உப்பளம், இன்றும் உப்பு எடுக்கிறார்கள். அந்த உப்பைக் காக்கத்தான் ரகுசாக்காரர்கள் மலைமேல் மதில் கட்டினார்கள், இப்போதும் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நிற்கிறது.

கேள்வி: ரயில் உண்டா?

டுப்ரோவ்னிக்குக்கு இல்லை, பஸ்தான்.

கேள்வி: பெயரில் இருக்கும் நெரெட்வா பக்கம் என்ன இருக்கிறது? யாரும் எழுதுவதே இல்லையே.

இதைக் கேட்டீர்களே, ரொம்ப சந்தோஷம் அக்கா. மாவட்டம் முழுக்க வெள்ளைப் பாறை, நெரெட்வா ஆறு கடலில் சேரும் இடத்தில் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. சதுப்பை வெட்டி வாய்க்கால் போட்டு நிலமாக்கியிருக்கிறார்கள். ஒபூசென் சுற்றிலும் மாண்டரின் ஆரஞ்சுத் தோட்டங்கள், அக்டோபரில் படகிலேயே போய்ப் பறிக்கலாம். மெட்கோவிச் அருகே வீட் என்ற சிற்றூரில் நரோனா என்ற ரோமானிய நகரம் புதைந்திருந்தது. தோண்டியபோது கிடைத்த சிலைகளை அதே இடத்தில் அருங்காட்சியகம் கட்டி வைத்திருக்கிறார்கள். ப்ளோச்சே துறைமுகத்துக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி போஸ்னியாவுக்கு. சாப்பாட்டில் விலாங்கும் தவளையும் சேர்த்த ஒரு குழம்பு பிரசித்தம், விலாங்கு மட்டும் போட்டும் தருவார்கள்.

கேள்வி: எந்த மாதம் போகலாம்?

மே இறுதி, இல்லையென்றால் செப்டம்பர். தெற்கிலிருந்து யூகோ காற்று வீசினால் அலை எழும்பி, தீவுக்குப் போகும் வேகப் படகை நிறுத்திவிடுவார்கள். நான் கோர்ச்சுலாவில் அப்படி ஒரு ராத்திரி மாட்டி, மறுநாள் ஷிஃப்டைத் தவறவிட்டேன். ஊருக்கு விமானம் ஏறும் நாளுக்கு முந்தின ராத்திரி தீவில் தங்காதீர்கள்.