பணம் வாங்கிக்கொண்டு எடுத்த படம் போட்டிக்குப் போகலாமா?

கேள்வி: தூத்துக்குடியில் கல்யாண போட்டோகிராஃபராக இருக்கிறேன். மூன்று வருடமாக உப்பளத் தொழிலாளர்களைப் படம் எடுத்து வருகிறேன். நடுவில், 2024 மார்ச்சில், ஒரு தொண்டு நிறுவனம் கேட்டதால் இரண்டு நாள் அவர்களுக்காக எடுத்துக் கொடுத்தேன். 35,000 ரூபாய் தந்தார்கள். ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. மற்ற நாளெல்லாம் என் பைக், என் பெட்ரோல், என் வெயில். பத்துப் படங்களைத் தொகுத்து ஓர் ஆவணப் புகைப்படப் போட்டிக்கு அனுப்பினேன். இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது. அதில் மூன்று படங்கள் தங்களுடையவை என்று நிறுவனம் போட்டிக் குழுவுக்கு எழுதிவிட்டது. அவர்கள் ஆண்டறிக்கையில் என் பெயரைக்கூடப் போடவில்லை. என் மேல் பொறாமை கொண்ட உள்ளூர் ஆள் ஒருவர்தான் தூண்டிவிட்டிருக்கிறார். குழு ஏழு நாளில் விளக்கமும் ரா ஃபைல்களும் (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்புகள்) கேட்கிறது. வழக்குப் போடலாமா?

பதில்: தூண்டிவிட்டது யார் என்பதை விட்டுவிடுங்கள், அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. வெயிலில் நின்றது, பெட்ரோல் போட்டது எதுவும் இந்த விவகாரத்தைத் தீர்மானிக்காது. கேள்வி ஒன்றுதான்: அந்த மூன்று படங்களும் மார்ச் மாதத்தின் அந்த இரண்டு நாளில் எடுத்தவையா?

ஆம் என்றால், அவை உங்களுடையவை அல்ல. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17(பி): ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில், பிரதிபலன் பெற்று எடுத்த புகைப்படத்துக்கு, மாறான உடன்பாடு இல்லாதபோது, கேட்டவரே முதல் உரிமையாளர். ஒப்பந்தம் எழுதவில்லை என்பதை உங்களுக்குச் சாதகமாக நினைக்கிறீர்கள். இந்தப் பிரிவில் அது நிறுவனத்துக்குத்தான் சாதகம். 35,000 ரூபாய்க்கு நீங்கள் கொடுத்த பில்லும் 26ஏஎஸ் என்ற உங்கள் வருமான வரிப் படிவத்தில் தெரியும் டி.டி.எஸ் பிடித்தமும் போதும். அவர்கள் வேறு சாட்சி தேட வேண்டாம்.

படத்தின் ஆசிரியர், அதாவது படைத்தவர், நீங்கள்தான். அதை யாரும் பறிக்க முடியாது. உரிமை கைமாறினாலும் பெயர் கோரும் உரிமை பிரிவு 57இன்படி உங்களிடமே நிற்கும். ஆண்டறிக்கையில் பெயர் விட்டது அந்தப் பிரிவில் வரும் நியாயமான புகார்தான். ஆனால் போட்டி விண்ணப்பத்தில் நீங்கள் டிக் போட்ட வாசகத்தை மறுபடி படியுங்கள். பெரும்பாலும் ‘இப்படங்களின் ஆசிரியரும் முழுப் பதிப்புரிமை உரிமையாளரும் நானே’ என்றிருக்கும். முதல் பாதி உண்மை. மூன்று படங்களைப் பொறுத்தவரை இரண்டாம் பாதி உண்மையல்ல. அதற்கடுத்த வரியில், மூன்றாம் தரப்பு உரிமை கோரினால் குழுவுக்கு ஏற்படும் இழப்பை நீங்கள் ஈடுசெய்வதாகவும் ஒப்புக்கொண்டிருப்பீர்கள். நிறுவனம் குழுவுக்கு நோட்டீஸ் விட்டால் குழுவின் வக்கீல் செலவு உங்கள் தலையில் விழும்.

இந்த நிலையில் வக்கீலிடம் வரும் கட்சிக்காரர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறு ஒன்று உண்டு. தேதியைத் தொடுவது. எடுத்த நேரத்தை மாற்றும் வசதி படத்தைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூமிலேயே இருப்பதால், மார்ச்சை ஏப்ரலாக்கிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். தீராது. குழுக்கள் கேட்கும் ரா ஃபைல்களில் உங்கள் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த பிரேம்களும் அடங்கும். கேமரா போடும் வரிசை எண் இருக்கிறது, கேமராவின் சீரியல் எண் இருக்கிறது. ஒரு பெண் வரப்பில் நின்று உப்பு வாரும் பிரேமின் எண் 4471 என்றால், 4470ஐயும் 4472ஐயும் நிறுவனத்துக்கு நீங்களே கொடுத்திருப்பீர்கள். அதே பாத்தி, அதே நிழல், அதே சேலை. அந்த நொடியில் உரிமைத் தகராறு மோசடியாகிவிடும். 2015இல் உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் ஒரு முதல் பரிசையே திரும்பப் பெற்றார்கள். பெல்ஜியத்தின் ஷார்லருவா நகரம் பற்றிய தொகுப்பில் ஒரு படம் பிரஸ்ஸல்ஸ் பகுதியில் எடுத்தது என்று தெரிந்ததுதான் காரணம். ஒரு படத்தின் தகவல் பொய்யானதற்கு முழுத் தொகுப்பும் போயிற்று.

உங்கள் கேமரா கடிகாரம் உண்மையிலேயே தவறாக ஓடியிருக்கலாம். பேட்டரியைக் கழற்றி நாளானால் தேதி பழைய நிலைக்குப் போய்விடும். அப்படியிருந்தால் ஃபைலைத் திருத்தாதீர்கள். கடிகாரத்தைச் சரிசெய்யாமல், அந்தக் கேமராவாலேயே உங்கள் செல்போன் கடிகாரத்தைப் படமெடுங்கள். எத்தனை நாள், எத்தனை மணி வித்தியாசம் என்பது அந்த ஒரு பிரேமில் பதிந்துவிடும். ஒரிஜினல் மெமரி கார்டை ஃபார்மேட் செய்யாமல் ஒதுக்கி வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிய பிரதியில் எடுத்த தேதி இருக்காது, அதை ஆதாரமாகத் தராதீர்கள். கோர்ட்டுக்குப் போனால் பாரதிய சாட்சிய அதிநியம் (சாட்சியச் சட்டம்) பிரிவு 63இன்படி சான்றிதழ் வேண்டும். அதில் ஃபைலின் ஹாஷ் மதிப்பை, அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணை, குறிக்க வேண்டும். இன்று தேதியைத் தொட்டால் அந்த மதிப்பும் மாறும்.

வழக்குப் போடலாமா என்றால், வேண்டாம். நீங்கள் போட்டால் அவர்களும் போடுவார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 63 குற்றவியல் பிரிவு: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. அது போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர் போடக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெரிந்தே மீறினார் என்பதை அவர்கள் நிரூபிக்க வேண்டும், அது எளிதல்ல. ஆனால் நிரூபணம் விசாரணையில்தான் வரும். முன்ஜாமீனுக்கு நீங்கள் அலைவது அதற்கு முன்பே. ‘என் படத்தை நான் அனுப்புவேன், உங்களால் ஆனதைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கோபத்தில் ஒரு மெயில் போட்டால், தெரிந்தே செய்தார் என்பதற்கு அவர்களுக்கு வேண்டிய சாட்சியத்தை உங்கள் கையாலேயே கொடுத்ததாகும்.

ஆகவே, இன்றே குழுவுக்கு இரண்டு வரி எழுதி பதினைந்து நாள் அவகாசம் கேளுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். பிறகு 2024இன் மெயிலையும் வாட்ஸ்அப்பையும் துழாவுங்கள். ‘நீங்களும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று ஒருங்கிணைப்பாளர் ஒரு வரி எழுதியிருந்தால் உங்கள் நிலை வெகுவாக மாறும். தொலைபேசியில் சொன்னார் என்பதை வைத்து அதிகம் செய்ய முடியாது.

கிடைக்காவிட்டால் நிறுவனத்தோடு சமாதானமாகப் போங்கள். அவர்களுக்கு மூன்று படங்களின் உரிமை இருக்கிறது. அவர்கள் ஆசைப்படக்கூடிய ஏழு படங்கள் உங்களிடம் இருக்கின்றன. மூன்றையும் போட்டிக்கும் அதன் கண்காட்சிக்கும் பயன்படுத்த, நீங்கள் விண்ணப்பித்த நாளிலிருந்தே செல்லும்படி, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பதிலுக்கு ஏழையும் ஆண்டறிக்கையில் இரண்டு ஆண்டு, இந்தியாவுக்குள், உங்கள் பெயரோடு பயன்படுத்த உரிமம் கொடுங்கள். காலத்தை எழுதாவிட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும்.

அவர்கள் வக்கீல் அனுப்பும் வரைவைக் கவனமாகப் படியுங்கள். ‘உப்பளத் திட்டத்தில் எடுத்த அனைத்துப் படங்களும்’ என்று இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தச் சொற்றொடருக்குள் மூன்று வருட உழைப்பும் போய்விடும். ஒவ்வொரு படத்தையும் ஃபைல் எண்ணும் தேதியும் போட்டு எழுதச் சொல்லுங்கள். ‘உரிமை மாற்றம்’ என்ற சொல் எங்கும் வரக்கூடாது, ‘உரிமம்’ மட்டுமே.

நிறுவனம் மசியாவிட்டால், மூன்றையும் நீங்களே விலக்கிக்கொள்வதாகக் குழுவுக்கு எழுதி, மீதி ஏழைத் தொகுப்பாகப் பரிசீலிக்க முடியுமா என்று கேளுங்கள். விதிகளில் குறைந்தபட்சப் பட எண்ணிக்கை என்ன என்பதை அதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்; ஏழு போதுமென்றால் குழு ஏற்க வாய்ப்பு உண்டு. கடிதத்தில் ‘இரண்டு நாள் பணிக்காக எடுத்தவை, உரிமை குறித்துத் தவறாகப் புரிந்துகொண்டேன்’ என்ற அளவோடு நிறுத்துங்கள். உள்ளூர் ஆளின் பெயர் அதில் வரவேண்டாம்.