ஆட்-இன் போச்சு, பில்லும் போச்சா?

கேள்வி: கடலூர் முதுநகரில் கட்டுமானப் பொருள் கடை நடத்துகிறோம். பில் எல்லாம் எக்செல்லில்தான். தொகையை எழுத்தில் காட்டும் ஆட்-இன் (எக்செல்லோடு சேர்க்கும் துணை மென்பொருள்) ஒன்றை ட்ரையலாகப் போட்டிருந்தோம். காலம் முடிந்ததும் கன்ட்ரோல் பேனல் வழியாக நீக்கிவிட்டோம். இப்போது எக்செல்லைத் திறக்கும்போதெல்லாம் ஏதோ ஃபைலைக் காணோம் என்கிறது. பழைய பில்லைத் திறந்தால் ‘ரூபாய் பன்னிரண்டாயிரத்து நானூற்று ஐம்பது மட்டும்’ என்று இருந்த கட்டத்தில் நேம் பிழை (#NAME?) வருகிறது. ஆபீஸை அழித்து மறுபடி போட 1,500 ரூபாய் கேட்கிறார் சர்வீஸ்காரர். கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஆபீஸைத் திரும்பப் போட்டாலும் இரண்டு கோளாறுமே பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். எந்த ஆட்-இன்னை ஏற்ற வேண்டும் என்ற குறிப்பு உங்கள் விண்டோஸ் கணக்கின் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேடு) இருக்கிறது. ஆபீஸை நீக்கினாலும் அது அங்கேயே தங்கிவிடும். நேம் பிழையோ அந்தந்த பில் ஃபைலுக்குள் இருப்பது. மேலும், கம்ப்யூட்டரோடு வந்த அசல் ஆபீஸ் என்றால் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு கட்டப்பட்டது. அதை அழித்துவிட்டுத் திருட்டு நகல் ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் நஷ்டம் 1,500-ஓடு நிற்காது.

முதல் வேலை, பழைய பில் எதையும் திறந்து சேமிக்காதீர்கள். கடைசியாகக் கணக்கிட்ட விடையை எக்செல் ஃபைலுக்குள்ளேயே வைத்திருக்கும். மறுபடி கணக்கிடும்போதுதான் எழுத்து போய்ப் பிழை வருகிறது. பிழையோடு சேமித்துவிட்டால், அந்த ஆட்-இன் இல்லாமல் பழைய எழுத்து திரும்பாது. பென்டிரைவ் நகலையோ வாடிக்கையாளருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய பிடிஎஃப்-ஐயோ தேட வேண்டியதுதான்.

மிச்சமிருப்பவற்றை இப்படி மீட்கலாம். ஃபைல்களை வேறு ஃபோல்டரில் நகல் எடுத்துக்கொண்டு, நகலில் மட்டும் கை வையுங்கள். எக்செல்லை முழுக்க மூடிவிட்டு வெற்று ஒர்க்புக் ஒன்றை முதலில் திறந்து, ஃபார்முலாஸ் பட்டையில் கால்குலேஷன் ஆப்ஷன்ஸ் போய் மேனுவல் என்று வையுங்கள். அதன் பிறகு பில்லைத் திறங்கள். லிங்க்கை அப்டேட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எழுத்து அப்படியே தெரிந்தால் அந்தக் கட்டத்தை காப்பி செய்து, அதே இடத்தில் பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் என்று ஒட்டுங்கள். இனி அது வெறும் எழுத்து, எந்த ஆட்-இன்னும் தேவையில்லை. சேமிக்கும் முன் மேனுவலை ஆட்டோமேட்டிக்குக்கு மாற்ற மறக்காதீர்கள். மேனுவல் என்பதும் ஃபைலோடு சேர்ந்து பதிவாகும். நாளைக் காலை அந்த ஃபைலை முதலில் திறந்தால் அன்று போடும் எல்லா பில்லும் மேனுவலில் ஓடும், சிமென்ட் மூட்டை எண்ணிக்கையை மாற்றினாலும் மொத்தத் தொகை மாறாது. எழுத்து வராததைவிட இது ஆபத்து. அடுத்த பில்லுக்கு மறுபடி மேனுவலிலிருந்து தொடங்குங்கள்.

இனி, திறக்கும்போது வரும் எச்சரிக்கை. ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் போனால் அடியில் மேனேஜ் என்ற பெட்டி இருக்கும். அதில் எக்செல் ஆட்-இன்ஸ் தேர்ந்து கோ அழுத்துங்கள். நீக்கிய ஆட்-இன் பெயர் இன்னும் டிக்கோடு நிற்கும். டிக்கை எடுத்தால், ஃபைல் கிடைக்கவில்லை, பட்டியலிலிருந்து நீக்கவா என்று கேட்கும், யெஸ் கொடுங்கள். அங்கே பெயர் இல்லையென்றால் மேனேஜ் பெட்டியில் காம் ஆட்-இன்ஸ் தேர்ந்து பாருங்கள். அதிலும் இல்லையென்றால் எக்செல் திறக்கும்போது தானாக ஏற்றும் ஃபைல்கள் இருக்கும் எக்ஸ்எல்ஸ்டார்ட் என்ற ஃபோல்டரைத் தேடி, அதில் கிடக்கும் அந்நிய ஃபைலை டெஸ்க்டாப்புக்கு நகர்த்துங்கள். ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பது கடைசி வழி: கரன்ட் யூசர் கிளையில் சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், ஆபீஸ், 16.0, எக்செல், ஆப்ஷன்ஸ் என்று இறங்கினால் ‘ஓபன்’, ‘ஓபன்1’ என்ற வரிகள் இருக்கும். பழைய ஆட்-இன் பெயர் உள்ள வரியை மட்டும் நீக்குங்கள், அதற்கு முன் எக்ஸ்போர்ட் கொடுத்து நகல் எடுத்து வைத்துக்கொண்டு. எக்செல் திறக்கவே மறுத்தால் கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி ஐகானைக் கிளிக் செய்யுங்கள். சேஃப் மோடில் திறக்கவா என்று கேட்கும்.

புது பில்லுக்கு என்ன வழி? தாய்லாந்தின் பாட் பணத்தை எழுத்தில் காட்ட எக்செல்லிலேயே ஒரு ஃபங்ஷன் உண்டு, ரூபாய்க்கு இல்லை! மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் மேக்ரோ (எக்செல்லுக்குள் ஓடும் சிறு நிரல்) டாலர், மில்லியன் கணக்கில் இருக்கும். அதை லட்சம், கோடிக்கு மாற்றி எழுத வேண்டும். தெரிந்தவரிடம் கொடுத்து பில் டெம்ப்ளேட்டுக்குள்ளேயே வைக்கச் சொல்லுங்கள். சேமிக்கும்போது மேக்ரோ எனேபிள்டு வகையில் சேமிக்க வேண்டும். சாதாரண வகையில் சேமித்தால் மேக்ரோ கழன்றுவிடும். மெயிலில் வந்த ஃபைல் என்றால் மேக்ரோவை ஆபீஸ் தானாகவே தடுக்கும். ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அன்பிளாக்.

அதுவரை வியாபாரத்தை நிறுத்த வேண்டாம். ஜிஎஸ்டி பில்லில் கட்டாயம் இருக்க வேண்டியவற்றை விதி 46 பட்டியலிடுகிறது. எழுத்தில் தொகை அதில் இல்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம், பேனாவால் எழுதவும் செய்யலாம்.

கேள்வி: பிடிஎஃப் மென்பொருள் ஒன்றை நீக்கியதிலிருந்து, வேர்டு திறந்தாலும் மூடினாலும் ‘கம்பைல் எரர் இன் ஹிடன் மாட்யூல்’ என்கிறது. (நெல்லிக்குப்பம்)

பதில்: அதன் டெம்ப்ளேட் வேர்டின் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் தங்கிவிட்டிருக்கும். ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய் அடியில் உள்ள ஃபைல் லொகேஷன்ஸைத் திறந்தால் அந்த ஃபோல்டர் எங்கே என்று தெரியும். வேர்டை மூடிவிட்டு, அங்கே அந்த மென்பொருள் பெயரில் இருப்பதை டெஸ்க்டாப்புக்கு நகர்த்துங்கள். பிழை போய்விட்டால் அழித்துவிடலாம்.

கேள்வி: போட்டோ மென்பொருளுக்கான ஆட்-ஆன் ஒன்றை நீக்கி விட்டேன். ஆனால் மாதாமாதம் பணம் பிடிக்கிறார்கள். (லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: நீங்கள் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தது மென்பொருளை மட்டும்தான். சந்தாவோ, விற்றவரின் தளத்தில் உள்ள உங்கள் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே நுழைந்து ரத்து செய்து, ரத்தானதற்கான மெயிலை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பணம் போகும் வழியையும் அடைத்துவிடுங்கள்: யுபிஐ என்றால் செயலியின் ஆட்டோபே பகுதி, கார்டு என்றால் வங்கியின் இ-மேன்டேட் (தானாகப் பணம் பிடிக்கக் கொடுத்த அனுமதி) பக்கம். தானாகப் பிடிக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்கள் எஸ்எம்எஸ்-இல் அது வந்ததா என்று பாருங்கள். வராமலே பிடித்திருந்தால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

ரத்து செய்த பிறகும் பிடித்தால் விற்றவருக்கு மெயில் எழுதிவிட்டு 1915-ஐ அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. அதற்கும் மசியவில்லை என்றால் நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் பெங்களூரில் இருந்தாலும் அங்கே போக வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, காலக்கெடு 2 ஆண்டு. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்பார்கள். நீங்களே உழைத்துப் பிழைப்பு நடத்தும் ஸ்டூடியோ என்றால் சட்டம் விலக்கு தருகிறது. அதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.