மருதமுனைச் சாறனுக்கு ஜெனீவாவில் வழக்குப் போடலாமா?

கேள்வி: மருதமுனையில் 11 தறி வைத்திருக்கிறோம். அமெரிக்காவிலிருந்து ஒருவர் சாறனும் மேசைவிரிப்பும் கேட்டு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். மொத்தம் 14,000 டொலர். சாமான் கிடைத்து 60 நாளில் காசு. விலைக்குப் பக்கத்தில் ‘டிடிபி’ என்று இருக்கிறது. பிணக்கு வந்தால் நியூயோர்க் நீதிமன்றம். அந்த அரசாங்கம் திடீரென்று வரியைக் கூட்டினால் ஜெனீவாவிலுள்ள உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்குப் போடலாம் என்கிறார் எங்கள் காக்கா. ஒப்பமிடலாமா?

பதில்: இப்படியே ஒப்பமிட வேண்டாம்.

முதலில் காக்காவின் யோசனை. கல்முனையில் என்னிடம் வருபவர்களில் பலருக்கும் இதே நம்பிக்கைதான். ஆனால் உலக வர்த்தக நிறுவனத்தின் படியில் அரசாங்கங்கள் மட்டும்தான் ஏறலாம். உங்களுக்காக இலங்கை அரசு போக வேண்டும். போய் வென்றாலும், தோற்ற நாடு மேன்முறையீடு செய்தால் வழக்கு அப்படியே கிடக்கும். அந்த மேன்முறையீட்டு அமைப்பில் 7 பேர் இருக்க வேண்டும், ஒரு வழக்கைக் கேட்க 3 பேராவது வேண்டும். புதியவர்களை நியமிக்க அமெரிக்கா சம்மதிக்காமல் விட்டதில், 2019 டிசம்பரோடு அதன் வேலை நின்றுபோனது.

நாடுகளுக்கிடையில் விஷயம் எப்படித் தீர்கிறது என்பதற்கு ஒரு வண்டு போதும். 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. அதற்கு அடுத்த மாதம்தான் இலங்கை அஸ்பெஸ்டஸைத் தடைசெய்யவிருந்தது. அதைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடு ரஷ்யா. கொழும்பு அஸ்பெஸ்டஸ் தடையைத் தள்ளிப்போட்டது. டிசம்பர் முடிவதற்குள் ரஷ்யா தேயிலைத் தடையை நீக்கியது. எந்த நீதிபதியும் எதையும் விசாரிக்கவில்லை.

சரி, உங்கள் ‘டிடிபி’க்கு வருவோம். அந்த மூன்றெழுத்தின் பொருள், அமெரிக்கச் சுங்கத் தீர்வை வரை எல்லாம் உங்கள் தலையில் என்பதுதான். 2025 ஏப்ரலில் இலங்கைக்கு 44 வீதம் என்று அறிவித்தார்கள், அது 30 ஆகி, ஓகஸ்டில் 20 ஆனது. ‘டிடிபி’யில் ஒப்பமிட்டவர் ஒவ்வொரு அறிவிப்புக்கும் தன் பணப்பையைத்தான் திறந்து பார்த்திருப்பார். ‘எஃப்ஓபி கொழும்பு’ என்று மாற்றச் சொல்லுங்கள். கப்பலில் ஏற்றிய பிறகு தீர்வை வாங்குபவர் பாடு. விலையைக் குறைக்கச் சொல்லி அவர் கேட்கக்கூடும், அது வேறு பேச்சு. இன்னொன்று: அந்த வரிகளை எதிர்த்து அமெரிக்காவின் சர்வதேச வர்த்தக நீதிமன்றத்துக்குப் போனவர்களில் அங்குள்ள சிறு இறக்குமதியாளர்களும் இருந்தார்கள். 2025 மே மாதம் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது, ஆனால் மேன்முறையீடு நடந்த காலம் முழுக்க வரி அறவிடப்பட்டது. வரியைக் கட்டுபவர் அவரானால் வழக்கின் பாரமும் அவருடையதுதான்.

அடுத்தது காசு. 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது அம்பாறை வயல்காரர் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அப்போது சீனாவிலிருந்து வந்த சேதன உரக் கப்பலை, மாதிரியில் கிருமி இருக்கிறதென்று நமது தாவரத் தடுப்புக்காப்புச் சேவை இறக்கவிடவில்லை. அதற்கு மக்கள் வங்கி கொடுத்திருந்த எல்சியின் (நாணயக் கடிதம்) பணத்தைக் கொடுக்கவும் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம் தடைபோட்டது. உடனே சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. கடைசியில் 2022 ஜனவரியில், இறக்காத உரத்துக்கு ஏறக்குறைய 70 இலட்சம் டொலர் கட்டினோம். இதில் அரசியல் எவ்வளவு என்று எல்லாரும் பேசினார்கள். விற்பவரான நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: எல்சி என்பது வங்கி தரும் வாக்கு. வங்கி பார்ப்பது ஆவணங்களைத்தான், சாமானை அல்ல. அதிலிருந்து நழுவுவது எவருக்கும் கடினம்.

ஆகவே 60 நாள் கடன் வேண்டாம். 40 வீதம் முற்பணம், மீதிக்கு எல்சி கேளுங்கள். எல்சியில் ‘வாங்குபவரின் தரச் சான்றிதழ்’ ஒரு ஆவணமாக இருந்தால் வெட்டச் சொல்லுங்கள். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் உங்களுக்குக் காசு இல்லை. கடன் கொடுத்தே தீர வேண்டுமென்றால் கொழும்பிலுள்ள இலங்கை ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தில் விசாரியுங்கள்.

நியூயோர்க் நீதிமன்றத்துக்குப் பதில் நடுத்தீர்ப்பு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தரும் தீர்ப்பு, என்று எழுதலாம். இலங்கையும் அமெரிக்காவும் 1958ஆம் ஆண்டு நியூயோர்க் சமவாயத்தில் இருப்பதால், இங்கே கிடைக்கும் தீர்ப்பை அங்கே நிறைவேற்றலாம். நமக்கு 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம் இருக்கிறது. இடம் கொழும்பு என்று கேட்டுப்பாருங்கள். சிங்கப்பூர் என்பார். 14,000 டொலருக்குச் சிங்கப்பூர் போனால், வென்றாலும் நூல் வாங்கிய காசு மிஞ்சாது. அதனால்தான் முற்பணத்தில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கச் சொல்கிறேன்.

அவர் அனுப்பும் எல்சி வரைவை உங்கள் வங்கியில் காட்டி, சரி என்ற பிறகு தறியில் பாவு ஏற்றுங்கள்.