அரிஸ்டாட்டில் சொல்லும் 'ஆகக்கூடிய நிலை', 'ஆகிவிட்ட நிலை' இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

அவர் எந்தச் சிக்கலை அவிழ்க்க இதைக் கொண்டுவந்தார் என்று பார்த்தால்தான் சரியாகப் பிடிபடும். இல்லாததிலிருந்து எதுவும் வராது, இருப்பதோ ஏற்கெனவே இருக்கிறது, அதனால் மாற்றம் என்பதே கிடையாது என்று அவருக்கு முந்தைய கிரேக்கத் தத்துவவாதி பார்மெனிடீஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அரிஸ்டாட்டில் இதற்கு நடுவில் வழி கண்டார்: வெண்கலக் கட்டி இன்னும் சிலை இல்லை, ஆனால் சிலையாகக்கூடியது; இதுதான் 'ஆகக்கூடிய நிலை', அது சிலையாகிவிட்டால் 'ஆகிவிட்ட நிலை'. சிலையாகக்கூடிய அந்தத் தன்மை நம் கற்பனை அல்ல, வெண்கலத்திலேயே இருக்கிறது.

மெகாரா என்ற கிரேக்க நகரத்துச் சிந்தனையாளர்களோ, ஒன்றைச் செய்யும்போது மட்டும்தான் திறன் உண்டு என்றார்கள். தன் 'மெட்டாஃபிசிக்ஸ்' என்ற படைப்பின் 9-ஆம் நூலில் (பகுதியில்) அரிஸ்டாட்டில் இதை மடக்கும் இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: அப்படியானால் வீடு கட்டுகிறவர் வேலையை நிறுத்தியதும் தொழிலையே இழந்துவிடுவார், மறுபடி கட்டத் தொடங்கும்போது அது எங்கிருந்து வந்தது? கண்ணை மூடினால் குருடா, ஒரே நாளில் எத்தனை முறை?

அப்புறம், ஆகக்கூடிய நிலையிலும் படிகள் உண்டு. எழுத்துக் கற்காத குழந்தையும், கற்றுவிட்டு இப்போது வேறு வேலை பார்ப்பவரும் 'அறியக்கூடியவர்'தான், ஆனால் ஒரே அர்த்தத்தில் இல்லை. முன்னவருக்குக் கல்வி வேண்டும், பின்னவர் நினைத்தால் போதும். எதிரே இருக்கும் எழுத்தை இந்த நொடியில் அடையாளம் காண்பவரிடம்தான் அறிவு முழுமையாக நிகழ்கிறது.