எட்டு எழுத்தா, பதினொன்றா?

தம்பி, வீட்டிலிருந்து வந்த ஸ்விஃப்ட் குறியீட்டில் எட்டு எழுத்துதான் இருக்கிறது, இங்கே வங்கிப் படிவத்தில் 'பி.ஐ.சி' என்று பதினொரு கட்டம் இருக்கிறது, அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அனுப்பலாம். ஸ்விஃப்ட் குறியீடு, பி.ஐ.சி இரண்டும் ஒன்றுதான்; நாடு விட்டு நாடு பணம் அனுப்பும்போது எந்த வங்கி என்று காட்டும் அடையாளம். கடைசி மூன்று இடம் கிளைக்கு உரியது. அது இல்லையென்றால் தலைமை அலுவலகம் என்று எடுத்துக்கொள்வார்கள். 11 எழுத்தும் வேண்டும் என்று படிவம் அடம்பிடித்தால், மூன்று 'எக்ஸ்' போட்டு நிரப்புங்கள்.

ஒரு குறியீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டால் பயம் போய்விடும். டாய்ச்ச வங்கிக்கு டி-இ-யூ-டி, டி-இ, எஃப்-எஃப். முதல் நான்கு வங்கி, அடுத்த இரண்டு நாடு, அதாவது ஜெர்மனி, கடைசி இரண்டு இடம், அதாவது ஃபிராங்க்ஃபர்ட். அனுப்பும் முன் ஐந்தாவது, ஆறாவது எழுத்தை மட்டுமாவது பாருங்கள். பணம் போக வேண்டிய நாடு அங்கே இல்லையென்றால் கையை எடுத்துவிடுங்கள். இந்தியக் கணக்கென்றால் இன்னொரு குழப்பமும் உண்டு. ஐ.எஃப்.எஸ்.சி குறியீட்டுக்கும் 11 இடம்தான். ஆனால் அதன் ஐந்தாவது இடத்தில் சுழியம் இருக்கும். அது உள்நாட்டுக்கானது, ஸ்விஃப்ட் கட்டத்தில் போடக்கூடாது.

நான் வெளிநாடு வந்த புதிதில் இணையத்தில் தேடிக் கிடைத்த குறியீட்டை அப்படியே போட்டு அனுப்பினேன். அந்த வங்கி வேறொன்றோடு இணைந்து, பழைய குறியீடு வழக்கொழிந்து போயிருந்தது. பணம் இடையிலுள்ள வங்கியில் நின்று, வாரக்கணக்கில் காத்திருந்தபின் கட்டணம் பிடித்துக்கொண்டு திரும்பியது. அந்த மாதம் வீட்டில் பட்ட சிரமத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால் சொல்கிறேன், பெறுபவரே தன் வங்கியில் கேட்டு எழுதி அனுப்பட்டும். பல கிளைகளுக்குத் தனிக் குறியீடே இருக்காது. எந்தக் குறியீட்டைப் போட வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள்.

பல நாடுகளில் வங்கிக் கணக்கைக் குறிக்கும் ஐபான் எண்ணில் இரண்டு சோதனை இலக்கங்கள் இருப்பதால் ஓர் இலக்கம் பிசகினாலும் உடனே தெரிந்துவிடும். பி.ஐ.சி.யில் அந்தப் பாதுகாப்பு இல்லை. தவறாக அடித்த எழுத்து வேறொரு வங்கியின் சரியான குறியீடாகவே அமைந்துவிடலாம். ஓர் எழுத்து, ஓர் எழுத்தாக வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள்.

அப்புறம், கட்டணத்தை யார் ஏற்பது என்று ஒரு கேள்வி வரும். குறிப்பிட்ட தொகை குறையாமல் போய்ச் சேர வேண்டுமென்றால், அனுப்புபவரே ஏற்கும் 'ஓ.யு.ஆர்' வகையைத் தேர்ந்தெடுங்கள். அனுப்பியதும் பரிமாற்ற நகலைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள யு.இ.டி.ஆர் எண், அதாவது அந்தப் பரிமாற்றத்துக்கே உரிய தனி அடையாள எண், இருந்தால், பணம் தாமதமானாலும் எந்த வங்கியில் நிற்கிறது என்று உங்கள் வங்கியால் தேடிச் சொல்ல முடியும்.