மகன் மிஷனில், நம்பிக்கை இழந்த பெற்றோர்: என் பதில்

யூட்டாவில் இருக்கும் நீங்களும் கணவரும் மார்மன் என்ற கிறிஸ்தவ வழிச் சபையில் நம்பிக்கை இழந்துவிட்டீர்கள். மகனோ பிரேசிலில் அந்தச் சபையின் மதப் பிரச்சாரப் பணியில் (மிஷன்) இருக்கும் மிஷனரி, இன்னும் பதினேழு மாதங்கள் பாக்கி. அவன் மிஷன் செலவுக்கான மாதம் 500 டாலரைத் தொடர்ந்து கட்டுவதா, அவனிடம் உண்மையைச் சொல்வதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பணம் சுலபமான கேள்வி. கட்டுங்கள். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கும் தசமபாகத்தை நிறுத்துவது உங்கள் முடிவு. இந்த 500 டாலரோ அவனுக்குக் கொடுத்த வாக்கு. நிறுத்தினால் விஷயம் உங்கள் உள்ளூர்ச் சபைத் தலைவரான பிஷப் வழியாக அவன் காதுக்கு உங்களை முந்திக்கொண்டு போய்விடும்.

சொல்வதுதான் கடினம். முன்பு கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும்தான் வீட்டோடு பேசலாம். 2019 பிப்ரவரி முதல் வாரந்தோறும் பேசலாம் என்றானது. அப்படி ஓர் அழைப்பில், அப்போது மிஷனில் இருந்த என் மகன், "ஞாயிறு ஆராதனையில் யார் பேசினார்கள் அப்பா?" என்றான். நாங்கள் போகவே இல்லை. சட்டைப் பொத்தானைத் திருகியபடி வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லிவைத்தேன். திரும்பி வந்த பிறகு அவன் கோபித்துக்கொண்டது அந்தப் பொய்க்காகத்தான்.

ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள்: "நாங்கள் இப்போது சபைக்குப் போவதில்லை. உன் பணி உன் முடிவு. எப்போது வேண்டுமானாலும் கேள்." சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தின் வரலாற்றையெல்லாம் அனுப்பாதீர்கள். அவனோடு ஜோடியாகப் பணி செய்யும் துணை மிஷனரி பக்கத்திலேயே இருப்பான் என்பதால், தனியாகப் பேச முடியுமா என்று முதலில் கேளுங்கள். பாதியில் திரும்ப நினைத்தால் ஊர்ப் பேச்சுக்கு அஞ்ச வேண்டாம், டிக்கெட் எடுத்துத் தருகிறோம் என்பதையும் ஒருமுறை சொல்லிவையுங்கள், ஒருமுறை போதும்.

மற்ற வாரங்களில் சாப்பாட்டையும் காலணியையும் விசாரியுங்கள். நடந்து நடந்து அடி தேய்ந்திருக்கும்.