முதலில் இலை, பிறகு வாசகம்

கேள்வி: எங்கள் செபக்குழுவில் பன்னிரண்டு பேர். படைப்பைப் பற்றிய விவிலிய வாசகம், மௌனத் தியானம், பகிர்வு மூன்றையும் சேர்த்து மாதம் ஒருமுறை கூடுகிறோம். மௌனத்தில் பலர் நெளிகிறார்கள். பகிர்வு வாக்குவாதமாகிறது. போனமுறை ஒருவர் அழுதுவிட, ஆறுதல் சொல்வதிலேயே நேரம் போய்விட்டது. எங்கே தவறுகிறோம்?

பதில்: வரிசையில்தான். வாசகத்தை முதலில் வைத்தால், மௌனத்தில் ஆளாளுக்கு மனதுக்குள் அதற்கு விளக்கவுரை எழுதிக்கொண்டிருப்பார்கள். வாய் திறந்ததும் மறையுரைதான் வரும். அதிலும் மண்ணுலகை ஆளச் சொல்லும் தொடக்கநூல் 1:28 என்றால் கேட்கவே வேண்டாம். சுற்றுச்சூழல் நெருக்கடியின் வேர், இயற்கையை மனிதன் ஆளலாம் என்ற மேற்குக் கிறிஸ்தவத்தின் மனப்போக்கில் இருக்கிறது என்று வரலாற்றாசிரியர் லின் வைட் 1967இல் எழுதினார். இறையியலாளர்களே இன்னும் முடிக்காத அந்த வழக்கை நீங்கள் ஒரு மாலையில் முடிக்கப்போவதில்லை.

மௌனத்தை முதலில் வையுங்கள். 15 நிமிடம் போதும், முடிந்தால் வெளியே. ஆளுக்கொரு இலையோ கல்லோ கையில் இருக்கட்டும். கண் திறந்தே இருக்கட்டும். இலையின் விளிம்பு, அடிப்பக்க நரம்பு, பூச்சி அரித்த துளை, துளையைச் சுற்றிய பழுப்பு வளையம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கும்போது சிலருக்குப் பதற்றம் கூடும். நெளிவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். அவர்கள் உள்ளங்கால் தரையில் பதிவதைக் கவனிக்கட்டும். மனம் அலையத்தான் செய்யும். அலைந்ததைக் கண்டுகொண்டு திரும்பி வருவதுதான் பயிற்சி.

அடுத்து பகிர்வு. நால்வர் நால்வராகப் பிரியுங்கள். ஒருவருக்கு 3 நிமிடம், பிறகு அரை நிமிட மௌனம். குழுக்கள் முதலில் கைவிடுவது இந்த அரை நிமிடத்தைத்தான். அது போனதும் பகிர்வு பதிலடியாகிவிடும். முதல் சுற்றில் ‘எதைப் பார்த்தேன்’, இரண்டாவதில் ‘இயற்கையில் எதை இழந்து வருந்துகிறேன்’. குறுக்குக் கேள்வியும் அறிவுரையும் கூடாது. ‘மனித இனமே இப்படித்தான்’ என்று யாராவது தொடங்கினால், ‘உங்களுக்கு என்ன நேர்ந்தது?’ என்று நடத்துபவர் திருப்பிவிடலாம்.

யாராவது அழுதால் பக்கத்தில் இருப்பவர் மட்டும், ‘தொடரலாமா, கொஞ்சம் நிறுத்தலாமா?’ என்று கேட்கட்டும். பத்துப் பேர் ஓடிவந்து தேற்றினால், அழுதது தப்பு என்று அவருக்குப் பட்டுவிடும்.

வாசகம் இப்போதுதான். ஓசேயா 4:3ஐ எடுங்கள்: நாடு புலம்புகிறது, விலங்கும் பறவையும் மீனும் அழிகின்றன. நிதானமாக இருமுறை வாசியுங்கள், விளக்கம் வேண்டாம். படைப்பைப் போற்றும் திருப்பாடல் 104ஐச் சில மாதம் கழித்து வைத்துக்கொள்ளலாம். புலம்பாமலே துதிக்குத் தாவினால் துக்கம் உள்ளேயே தங்கிவிடும்.

கலையும் முன் ஆளுக்கொரு செயல். ஏதேனில் மனிதனுக்குத் தரப்பட்ட வேலை பண்படுத்துவதும் பாதுகாப்பதும் (தொடக்கநூல் 2:15). ‘இயற்கையைக் காப்பேன்’ என்பது கணக்கில் வராது. எந்த மரம், எந்தக் கிழமை, எவ்வளவு தண்ணீர் என்று சொல்லட்டும். அடுத்த கூடுகையில் முதல் 5 நிமிடம் அதை விசாரியுங்கள். செய்யாதவரைக் கடிந்துகொள்ளாமல் செயலைச் சிறிதாக்குங்கள்.

இது சிகிச்சைக்கு மாற்று அல்ல. ஒருவருக்கு இரண்டு வாரமாகத் தூக்கமோ பசியோ இல்லையென்றால் மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள். வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அன்றே, துணைக்கு ஒருவரோடு.